நியூகாசிலுக்குச் சம்பந்தியையும் அழைத்தேன்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் மாமாவின் கலியாண வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பார்த்தீர்கள். மகள் நடுவில் நிறுத்தி, "பப்பா, அம்மா மேல மணவறையில நிக்கிறா. நீங்கள் ஏன் கீழ கதிரையில?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழும்பிப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சொல்ல வந்ததை நேராகச் சொல்லத்தான் தெரியும். மெல்ல வாசியுங்கள். விளங்காத சொல்லை அம்மாவிடம் கேளுங்கள், போனிடம் கேட்காதீர்கள். போன் எங்களுடைய தமிழை வேறு ஏதோவாக ஆக்கிவிடும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபிறகு அவனுக்கு அம்மாதான் எல்லாம். அம்மா என்னைக் கட்டி இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தாள். அவன் படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போய், படிப்பு முடியப் பாண் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேதான் உங்கள் மாமியைக் கண்டான். மாமி லண்டனில் பிறந்தவள். தகப்பனுக்கு மளிகைக் கடை. கோயில் சபையிலும் இருக்கிறார், சொன்ன சொல் மாறாத மனிதர்.

பெண் கேட்டபோது அவர் ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"பெடியன் நல்ல பெடியன். ஆனால் அவனுக்கு ஆக்கள் இல்லை."

அவர் சொன்னது பணம் பொருளைப் பற்றியல்ல. நாளைக்கு வீட்டில் ஒரு பிரச்சினை வந்தால் யாரிடம் போய்க் கதைப்பது? மகள் அழுதுகொண்டு வந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? அதைத்தான் கேட்டார். அம்மா அவரோடு பின்னேரம் முழுக்கப் போனில் கதைத்தாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். "சரி பிள்ளை. நீரும் உம்மடை அவரும் தோழி தோழனாய் மணவறையிலை பக்கத்திலை வந்து நில்லுங்கோ. முன்னுக்கு நிண்டு எல்லாத்தையும் செய்யுங்கோ. எனக்கு அது போதும்" என்றார்.

ஆகவே மாமாவின் ஆக்கள் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களில் ஒரு குறை கண்டால் அந்தக் கலியாணம் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் மாமா போன் எடுத்தான்.

"அத்தான், ஒரு அலுவல். இஞ்சத்தைய வழக்கத்திலை தோழன்தான் ஸ்டாக் செய்யோணுமாம். என்ரை கூட்டாளியள் உங்கடை நம்பரைக் கேக்கினம்."

"அதென்னடா ஸ்டாக்?"

"கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளையைக் கூட்டாளியள் சேந்து ஒரு சனி ஞாயிறு வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போறது. ஆம்பிளையள் மட்டும்."

"சாப்பாடு?"

"சாப்பாடும் இருக்கும் அத்தான்."

நான் எங்கள் ஊர்ப் பொன்னுருக்கு மாதிரி ஒன்றை நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டில் நல்லநாள் பார்த்துத் தாலிக்குப் பொன் உருக்கி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவோமே, அதுபோல வெள்ளைக்காரருக்கும் ஒன்று இருக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவின் கூட்டாளிகள் எல்லாரும் தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்பவர்கள். அவர்களில் பாண் சுடும் அடுப்பான போறணையைப் பார்க்கும் ஒரு பெரிய ஆள் என்னோடு கதைத்தான். லண்டன் விலை தாங்காது, நியூகாசில்தான் சரி, அங்கே எல்லாம் மலிவு, ஊரும் கலகலப்பு என்றான். கலியாண மண்டபத்துக்கே மாமா கையில் இருந்ததெல்லாம் கொடுத்திருந்தான். அதனால் மலிவு என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். லீவைக் கலியாணத்துக்கு வைத்திருந்ததால் ஸ்டாக்குக்கு நான் போவதாக இல்லை, ஏற்பாடு மட்டும் பலெர்மோவில் இருந்தபடி.

வேலைக்கு நான் பராமரிக்கும் கிழவி சினியோராவைப் பார்த்துவிட்டு பொலித்தியாமாவில் பஸ் ஏறி, எங்கள் சீசாவில் இறங்கும்வரை தினமும் போனில் நியூகாசில் வீதிகளைப் பார்த்தேன். காணாத ஊரில் எந்தத் தெரு ஏற்றம், எங்கே பாலம், ஸ்டேசனிலிருந்து எது கிட்ட என்றெல்லாம் பாடமாக்கினேன். மலிவான தங்குமிடங்களுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீசில் போன் எடுத்தேன். ஸ்டாக் என்று சொன்னதும் ஒருவன் வைத்துவிட்டான். இன்னொருவன் கண்ணாடிக்கும் கதவுக்கும் முன்பணம் கேட்டான். ஒரு பெண் மட்டும் அன்பாக, "நாங்கள் அந்தக் கூட்டத்தை எடுப்பதில்லை ராசா" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். கலியாணக் கூட்டம் என்றால் எவனும் கதவைத் திறப்பானே, இந்த ஊரில் ஏன் சாத்துகிறார்கள் என்று நினைத்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முன்னம் சீசாவில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அக்காவை மகனுக்கு ஞாபகம் இருக்காது. இத்தாலிக் குடியுரிமை கிடைத்ததும் குடும்பத்தோடு நியூகாசிலுக்குப் போனவர். அவரைப் பிடித்தேன்.

"நீர் பலெர்மோவிலை இருந்துகொண்டு இஞ்சை ஸ்டாக் செய்யிறீரோ!" என்று அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நான் விடியக்காலமை துப்பரவாக்கிற ஒரு சின்ன தங்குமிடம் இருக்கு. முதலாளி நல்ல மனுசன். என்ரை ஆக்கள் எண்டு சொல்லி அறை எடுத்துத் தாறன். பெடியளை ஒண்டையும் உடைக்காமல் இருக்கச் சொல்லும்."

அறை கிடைத்த சந்தோசத்தில் வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் அம்மா கேட்டாள்.

"சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிப்போட்டியளே?"

"ஆம்பிளையள் மட்டும்தானாம்."

"அவர் ஆம்பிளைதானே? மாப்பிள்ளைப் பக்கத்திலை ஒரு அலுவல் நடக்க, அவருக்கு ஒரு சொல் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்ன கதை வரும்? ஏற்கெனவே ஆக்கள் இல்லை எண்டு சொன்ன மனுசன்."

அவள் சொன்னது சரி. எங்கள் சனத்தில் அழைப்பு விட்டுப்போனால் அது பரம்பரைக்கும் நிற்கிற கோபம். சட்டையை மாற்றிக்கொண்டு, நேரே வீட்டுக்குப் போய்ச் சொல்வதுபோல எழும்பி நின்று போன் எடுத்தேன். அவருக்குக் குரலே மாறிவிட்டது.

"இஞ்சத்தைய பெடியள் இப்பிடி மரியாதை பாக்கிறேல்லைத் தம்பி. நீர் முறையாச் சொன்னீர். நான் கட்டாயம் வாறன்."

அன்றிரவு சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். மகளே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் கையில் இருந்த முள்ளுக்கரண்டி கீழே விழுந்தது.

"பப்பா! அது அட்தியோ அல் செலிபாத்தோ, குடிச்சுக் கூத்தடிக்கிற பார்ட்டி! மாமாவின்ர மாமனாரையா கூப்பிட்டனீங்கள்? மம்மா மீயா!"

நீ உன் போனில் படங்களை எடுத்துக் காட்டினாய். உடுப்பில்லாமல் விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்திருந்த மாப்பிள்ளைகள். பெண் வேசம் போட்டவர்கள். வாந்தி எடுத்தவர்கள். அம்மா உன்னிடமிருந்து போனைப் பறித்து, தான் தனியப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எழும்பி நிண்டல்லோ அழைச்சனீங்கள்" என்றாள்.

மாமாவுக்குச் சொன்னபோது "என்ன அத்தான் செய்தனீங்கள்! நான் செத்தன்" என்றான். அவனைத் திட்டினேன். முதலே விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்றேன். தன் அக்காவின் புருசனுக்கு இதையெல்லாம் எப்படி விளக்கமாகச் சொல்வது என்று அவன் கேட்டான். அதுவும் நியாயம்தான்.

வரவேண்டாம் என்று சம்பந்தியிடம் சொல்ல முடியாது. அழைத்தவரைத் தடுப்பது அழைக்காமல் விடுவதைவிடக் கேடு. வந்தால் கண்டுவிடுவார், கலியாணம் நிற்கும். பயணத்தையே நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். கூட்டாளிகள் டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கிழமை சினியோராவுக்குக் கொடுக்கவேண்டிய விடியற்கால மருந்தைத் தேத்தண்ணித் தட்டில் வைத்துவிட்டுச் சீனிக்கட்டியை அவ வாயில் வைத்தேன். நீங்கள் இருவரும் வீட்டுக்குள் பந்து அடித்ததற்கு நான் கத்திய கத்தலும் அந்தக் கிழமைதான். உங்களில் பிழை இருக்கவில்லை.

திரும்பவும் அக்காவைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

"அழாதையும் தம்பி," என்றார் அக்கா. நான் அழவில்லை, ஆனால் அப்படித்தான் கேட்டிருக்கும். "பெடியள் வெள்ளிக்கிழமை வருகினம்தானே. அவையின்ரை கூத்தெல்லாம் அண்டைக்கே ஆடி முடிக்கட்டும். மனுசனைச் சனிக்கிழமை மத்தியானம் வரச்சொல்லும். நான் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் ரோல்சும் செய்து வைக்கிறன், செலவும் குறைவு. பின்னேரம் சீட்டுக் கட்டைக் குடுத்து இருத்துவம். அந்த மனுசன் முந்நூற்றி நாலு விளையாடுவாரோ?"

விளையாடுவார். கோயில் சபையில் அவரை வெல்ல ஆளில்லை என்று மாமி சொல்லியிருக்கிறாள். முந்நூற்றி நாலு எங்கள் ஆண்கள் உயிரை விட்டு ஆடுகிற சீட்டு விளையாட்டு. அதைப் போறணைக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி மாமாவிடம் சொன்னேன். சம்பந்திக்குச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு என்று சொன்னேன். சரி என்றார். அம்மா பலெர்மோவின் காவல் புனிதை சாந்த ரொசாலியாவுக்கு வெறுங்காலோடு மலை ஏறுகிறேன் என்று நேர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் சினியோராவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் போர்கோ வெக்கியோச் சந்தைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். அவ மத்தி மீன்காரனோடு விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தா. என் போன் அடித்தது. சம்பந்தி.

"தம்பி, நான் நியூகாசில் ஸ்டேசனிலை நிக்கிறன்."

"அண்ணை, நாளைக்கு எண்டல்லோ…"

"வெள்ளிக்கிழமை டிக்கெட் மலிவாக் கிடந்தது. கடையை மனிசியிட்டை விட்டிட்டு வந்திட்டன்."

அவர் குரலுக்குப் பின்னால் ஆண்கள் பாடுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, இஞ்சை ஒருத்தனுக்குச் சிவப்புச் சேலை சுத்தி, தலையிலை பிளாஸ்டிக் பூ வைச்சு, பெட்டி ஏத்திற வண்டிலிலை இருத்தித் தள்ளிக்கொண்டு வருகினம். ஆரோ விசரன் எண்டு பாத்தன். கிட்ட வரத்தான் முகம் தெரியுது."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ரை மருமகன்," என்றார்.

சினியோரா என் சட்டையைப் பிடித்து இழுத்து, யார் செத்தது என்று கேட்டா. என் முகம் அப்படி இருந்திருக்கிறது. இன்னும் ஒருவரும் சாகவில்லை சினியோரா என்றேன்.

"இது ஆரின்ரை ஏற்பாடு?" என்று போனில் கேட்டார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை என்று சொல்லலாம். உண்மையில் யோசித்தேன். கூட்டாளிகளின் வேலை என்றால், இப்படிப்பட்டவர்களோடா சேர்ந்து திரிகிறான் என்பார். மாமாவின் விருப்பம் என்றால் அதோடு கதை முடிந்தது. எனக்குத் தெரியாது என்றால், தெரியாத நீங்கள் என்ன ஆக்கள் என்பார். பழியை வைக்க மிச்சமாக இருந்தது நான் ஒருவன்தான்.

"என்ரை ஏற்பாடு அண்ணை."

"சேலையோ?"

"சேலையும் நான்தான் சொன்னனான்."

"நீரோ? தோழனாய் நிக்கப்போற மனுசனோ?"

"ஓம் அண்ணை. அவன் வேண்டாம் எண்டுதான் நிண்டவன். நான்தான் கூட்டாளியளைக்கொண்டு கட்டாயப்படுத்தினது. இஞ்சத்தைய வழக்கம் எண்டு நினைச்சிட்டன்."

ரயில் அறிவிப்புக் கேட்டது. மீன்காரன் தராசைத் தட்டினான்.

"உமக்குப் பொம்பிளைப் பிள்ளை இருக்கெல்லோ தம்பி?"

"இருக்கு அண்ணை."

"நாளைக்கு உம்மடை மருமகனை இப்பிடி ஒரு ஸ்டேசனிலை கண்டால் என்ன செய்வீர்?"

பதிலுக்கு நிற்காமல் அவர் வைத்துவிட்டார்.

அன்றைக்கு மாமாவின் போன் வேலை செய்யவில்லை. அக்கா மட்டும் கூப்பிட்டார். "மனுசன் தங்குமிடத்துக்கு வந்திட்டார். மேலை அறைக் கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறார். தேத்தண்ணியும் வேண்டாமாம். பெடியள் கீழை செத்த வீடு மாதிரி இருக்கினம். உம்மடை மச்சான் சேலையைக்கூட அவிழ்க்கேல்லை, படியிலை குந்திக்கொண்டு இருக்கிறான்." விடிந்தது. அம்மா மலைக்குப் போனாள். நான் உங்களுக்குப் பாஸ்தா அவித்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன், நீங்கள் சொல்லாமல் சாப்பிட்டீர்கள். லண்டனுக்குப் போன் எடுத்து மாமியிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் அவளுக்கும் தெரிந்துவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப நிமிர்த்திப் பார்த்தேன்.

மத்தியானம் திரும்ப அக்கா.

"தம்பி, சீட்டு நடக்குது!"

"என்னது?"

"கேளுமன். அந்தப் பெரிய வெள்ளை இருக்கிறானெல்லோ, போறணைக்காரன், அவன் ஒரு கோப்பையிலை புட்டும் கறியும் போட்டுக்கொண்டு மேலை போய்க் கதவைத் தட்டினான். மனுசன் திறக்கேல்லை. இவன் கதவடியிலை நிலத்திலை இருந்து, வீணாக்கக்கூடாது எண்டு தானே சாப்பிடத் தொடங்கிட்டான். நான் உம்மடை சம்பந்திக்கெண்டு வைச்ச உறைப்புக் கறி! இருமின இருமலிலை மனுசன் பயந்துபோய்த் தண்ணியோடை வெளியாலை ஓடி வந்தார். முதுகிலை தட்டி, தண்ணி பருக்கி, சீனி தின்னக் குடுத்து… பிறகு ரெண்டு பேரும் படியிலையே இருந்து கதைச்சினம். இப்ப கீழை சீட்டு. ரெண்டு பேரும் ஒரு பக்கம்."

அம்மா மலையால் இறங்கி வந்தபோது கால் சிவந்திருந்தது. சொன்னேன். வாசலிலேயே இருந்து சிரித்தாள், பிறகு அழுதாள். நான் சிரிக்கவில்லை. இன்னும் சம்பந்தி கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். ரயிலில் இருந்து.

"தம்பி, கலியாணம் நடக்கும்."

"பெரிய உபகாரம் அண்ணை."

"அந்தப் பெடியள் கூத்தாடியள்தான். ஆனால் பிழையான பெடியள் இல்லை. மருமகனுக்குக் குடல்வால் வெடிச்சு ஆஸ்பத்திரியிலை கிடந்த நேரம், அந்தப் பெரியவன்தான் பக்கத்திலை இருந்து எல்லாம் பாத்தவனாம். உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை."

உண்மையாகவே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தன் அக்கா கவலைப்படுவாள் என்று மாமா மறைத்திருக்கிறான். நாங்கள்தான் அவனுடைய ஆக்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அவனுக்கு ஆக்கள் இல்லை எண்டு நான் சொன்னது பிழை. இருக்கினம்," என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனால் தம்பி, மாப்பிள்ளைக்குச் சேலை கட்டிப் பாக்கிற ஒருத்தரை நான் மணவறையிலை ஏத்தேலாது. தோழனாய் என்ரை மகன் நிக்கட்டும். உம்மடை மனிசி தோழியாய் நிக்கட்டும், அவ பாவம். நீரும் பிள்ளையளும் வாங்கோ. வந்து முன்வரிசையிலை இருங்கோ. நல்லாச் சாப்பிடுங்கோ."

"சரி அண்ணை."

"கோவமோ?"

"இல்லை அண்ணை. பெடியன் உங்களோடை ஒழுங்காய்க் கதைச்சவனே?"

"சேலையோடை வந்து காலிலை விழுந்தான்," என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்ததுபோல எனக்குப் பட்டது. நிச்சயமாகத் தெரியாது.

பிறகு மாமா எடுத்தான். அவனுக்குக் குரல் அடைத்திருந்தது.

"அத்தான், நான் இப்பவே உண்மையைச் சொல்லப்போறன். நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. சேலை அவங்கள் வாங்கினது."

"சொன்னால் என்ன நடக்கும்? பொய் சொல்லுற குடும்பம் எண்டாகும். வாயைப் பொத்து."

"நீங்கள் இல்லாமல் நான் எப்பிடி அத்தான் மணவறையிலை…"

"கீழை முன்வரிசையிலை இருப்பன். நல்லாத் தெரியும். சீட்டிலை ஆர் வெண்டது?"

"என்ரை மாமனாரும் அந்தப் பெரியவனும்," என்றான். மூக்கை உறிஞ்சினான். "அத்தான், மறைச்சு வைக்கவேண்டிய துரும்புச் சீட்டை அவன் ஒவ்வொரு தரமும் எல்லாருக்கும் காட்டிப்போட்டுத்தான் வைச்சவன். அப்பிடியிருந்தும் வெண்டிட்டினம்."

அவ்வளவுதான் மகளே நீ கேட்டதற்குப் பதில். அம்மாவுக்கு இன்றும் இதில் கோபம் இருக்கிறது. ஏன் அப்போதே உள்ளதைச் சொல்லவில்லை என்பாள். மாமாவும் மாமியும் சந்தோசமாக இருக்கிறார்கள். மாமனாருக்கு மருமகன் என்றால் உயிர். எனக்கும் இதில் மனக்குறை இல்லை என்று எழுதத்தான் இந்தப் பேனையை எடுத்தேன். எழுதும்போது கொஞ்சம் இருக்கிறது என்று தெரிகிறது. நீங்கள் அவரைக் கண்டால் இதைப்பற்றி மூச்சும் விடவேண்டாம். அவர் சொன்ன சொல் மாறாதவர், தன் மகளுக்காகத்தான் செய்தார். நானும் அவரைப்போல ஒருநாள் செய்வேன்.

அந்தத் திங்கட்கிழமை சினியோரா வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து அவ கதிரையில் தூங்கிவிட்டா. நான் உள்ளறையில் துணிகளை அயன் பண்ணினேன். நீளமான வெள்ளை மேசைவிரிப்பு ஒன்று இருந்தது. மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும் ஒரேமாதிரித் தலைப்பாகை கட்டுவார்கள், வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்த விரிப்பை நீளமாக மடித்து, சூட்டோடு என் தலையில் சுற்றினேன். அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. நேராக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு அவிழ்த்து, மடிப்புப் போகத் தண்ணீர் தெளித்துத் திரும்பவும் அயன் பண்ணி, மற்ற விரிப்புகளோடு வைத்தேன்.